ஸ்டோர் சாருக்குத் தெரியாமல் ஒரு வீடு

உதவி வாங்கிக்கொள்ளச் சொன்னால், உதவி செய்ய வந்தவர்களின் லாரியிலேயே ஏறிப் போய்விடுகிற மனுஷனை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? தையல்காரிக்கு இதற்கு விடை கிடைக்க ஒரு கோடைக்காலமே ஆயிற்று.

நடந்தது இதுதான். பட்டாளத்திலிருந்து வந்து, பிறகு வீடு வாசல் இல்லாமல் போனவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் தேடிப்பிடித்து உதவுகிற ஒரு கூட்டம் அந்த ஊரில் இருந்தது. யாரும் தேர்ந்தெடுக்காமலே அதற்குத் தலைவியாகிவிட்டவள், அழகு நிலையம் நடத்துகிற பார்லர் அக்கா. சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், பழைய வேன் ஒன்றில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது என்று அவள் காதுக்கு எட்டியது. உடனே லாரி நிறையச் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டாள்.

அப்போது தையல்காரி வேனுக்குள் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வெளியே முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயது மகள், வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறவள், வேன் கூரைமேல் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"சார், நாங்க பட்டாளத்துல இருந்தவங்களுக்கு உதவி..." என்று பார்லர் அக்கா வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"ரொம்ப நல்ல காரியம்மா. ஆனா லாரியில சாமானை ஏத்தினது யாரு? கனமான பெட்டியெல்லாம் மேல இருக்கு. முதல் திருப்பத்துலயே கவுந்துடும்."

சொல்லிக்கொண்டே லாரிமேல் ஏறிவிட்டார். எல்லாவற்றையும் இறக்கினார். முறையாக ஏற்றினார். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "அடுத்து எங்க போகணும்?" என்றார். லாரிக்காரர் மிரண்டுபோய் வண்டியைக் கிளப்பிவிட்டார். இவர்களுக்கென்று கொண்டுவந்த மெத்தையும் அடுப்பும் போர்வையும் அதே லாரியில் ஜம்மென்று வேறு யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தன. தையல்காரி வேன் வாசலில் நின்று, போகிற மெத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்தில் அவருக்கு ஸ்டோர் பொறுப்பு. சாமானை எண்ணி, அடுக்கி, கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. ஊருக்கு வந்து ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கிடங்கு எரிந்துபோன அதே வருஷம், வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்புறம் வேன்தான். இப்போது கிடைக்கிற கூலி வேலை வயிற்றுக்குச் சரியாக இருந்தது. ஞாயிறு தவறாமல் பார்லர் அக்காவின் கூட்டத்தோடு சுற்றினார். எல்லாருக்கும் ஸ்டோர் சார் ஆகிவிட்டார். அவரைவிட வயதில் சின்னவளான பார்லர் அக்காவை அவரும் அக்கா என்றே கூப்பிட்டார்.

"சார், உங்களுக்கும் ஒரு வீடு பார்க்கலாமே?" என்று பார்லர் அக்கா ஒரு நாள் பட்டென்று கேட்டும் பார்த்தாள்.

"என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்கக்கா. என் கதை வேற. எனக்கு வேன் இருக்கு."

மறுபடி வற்புறுத்தினாள். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இனி வாயே திறக்கமாட்டோம் என்று லாரிக்காரர் நேரில் போய்க் கெஞ்சிய பிறகுதான் வந்தார்.

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. போன மழைக்காலம் முழுக்க வாலு இருமிக்கொண்டே இருந்தாள். வேன் கூரை ஒழுகியது. இன்னொரு மழைக்காலத்தை அந்த வேனில் கழிக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தான் தைக்கிற துணிக்கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், நேராகப் பார்லருக்குப் போய் நின்றாள்.

"அக்கா, எங்களுக்கு ஒரு வீடு வேணும். அவருக்குத் தெரியக்கூடாது."

பார்லர் அக்கா ஒரு பெண்ணுக்கு முகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. "புருஷனுக்குத் தெரியாம புடவை வாங்கினவங்களைப் பார்த்திருக்கேன். வீட்டையே மறைக்கப் பார்க்கிறவளை இப்பத்தாம்மா பார்க்கிறேன்" என்றாள். பாதி முகம் பூச்சோடு நாற்காலியில் இருந்த பெண், சிரித்தால் பூச்சு விரிசல் விடும் என்று, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அந்தப் பாதி முகம்தான் வீட்டையும் கொண்டுவந்தது. அவள் பல் டாக்டரின் மனைவி. கிளினிக்குக்கு மேலே மாடி வீடு காலியாக இருந்தது. ஒரு வருஷம் வாடகை வேண்டாம், பிறகு முடிந்ததைக் கொடுக்கட்டும் என்று பல் டாக்டர் தாராளமாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மழைக்கு முன்னால் வருகிற கடைசி ஞாயிற்றுக்கிழமை குடிவந்துவிட வேண்டும். "வீடு காலின்னு என் மச்சினனுக்கு மூக்கு வேர்த்துடுச்சு. திங்கட்கிழமை பெட்டியோட வந்து நிப்பான். அவன் வந்தா பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் போவான்" என்றார்.

வீடு கிடைத்தது. மனுஷனை உள்ளே கொண்டுபோவது எப்படி? பார்லர் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "அவர் கையாலேயே அவர் வீட்டைத் தயார் பண்ண வைப்போம். யாரோ ஒரு குடும்பத்துக்குன்னு சொல்லிடலாம். எல்லாம் முடிஞ்சப்புறம் கதவைத் திறந்து காட்டுவோம்."

"கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா?"

"அதை அப்பப் பார்த்துக்கலாம்" என்றாள் பார்லர் அக்கா. பார்க்க அவளிடம் எந்த வழியும் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. "வேன்ல குடியிருக்கிற ஒரு பட்டாளத்துக்காரர் குடும்பத்துக்கு" என்று சொல்லி ஸ்டோர் சாரிடம் மாடி வீட்டின் சாவியைக் கொடுத்தார்கள். அவருக்கு வந்ததே உற்சாகம்! தானமாக வந்த சோபாக்களில் ஒவ்வொன்றிலும் லாரிக்காரரை உட்காரவைத்து, எழுப்பி, மறுபடி உட்காரவைத்தார். "இதுல உட்கார்ந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? அந்தக் குடும்பம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று நல்லது கிடைக்கும்வரை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். லாரிக்காரர் உட்கார்ந்து எழுந்தே இளைத்துப்போனதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு சாயங்காலம் ஸ்டோர் சார் சாக்பீஸோடு வேனுக்கு வந்தார். "இங்க வா. வேன்ல சாஞ்சு நில்லு. கையைத் தூக்கு."

"எதுக்குங்க?"

"சமையலறையில அலமாரி அடிக்கணும். அந்த வீட்டம்மா எவ்வளவு உயரம்னு அக்காகிட்ட கேட்டேன். சுமாரா உன் உயரம்தானாம். எக்காம எடுக்கணும் பாரு."

தையல்காரி கையைத் தூக்கினாள். ஊரில் எல்லாருக்கும் அளவெடுக்கிறவளுக்கு அன்றைக்குத்தான் ஒருத்தர் அளவெடுத்தார். அவள் விரல் நுனி தொட்ட இடத்தில் அவர் வேனின்மேல் சிரத்தையாகக் கோடு கிழித்தார். அவளுக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து பொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டதில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்ன, தோள் வலிக்குதா?"

"இல்லீங்க. அந்தம்மா குடுத்துவெச்சவன்னு நினைச்சேன்."

வாலுவை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். அந்த வாயில் ரகசியம் நிற்காது. பெண்ணின் அறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று பார்லர் அக்கா ரகசியமாகக் கேட்டதற்கு, ஆரஞ்சு என்று சொல்லியிருந்தாள். ஸ்டோர் சார் அந்த ஆரஞ்சைப் பூசிவிட்டு, தலைமுடியெல்லாம் ஆரஞ்சாக வந்து உட்கார்ந்து புலம்பினார்.

"என்ன நிறம் அது! கண்ணு கூசுது. அந்தப் பொண்ணை யாரு வளர்த்தாங்களோ?"

"நல்லாத்தான் வளர்த்திருப்பாங்கப்பா" என்றாள் வாலு. "ரொம்ப நல்ல பொண்ணா இருப்பா. எனக்குத் தோணுது." சொல்லிவிட்டுப் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். போர்வை வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சந்தேகம் வரவே இல்லை. அடுத்தவர் தேவையை அளந்தே பழகிய கண்ணுக்குத் தன் வீட்டுத் தேவை எதிரில் வந்து நின்றாலும் தெரியாது போலிருக்கிறது. திரைச்சீலைத் துணியைக் கொண்டுவந்து மனைவியிடமே கொடுத்தார். அவள் தன் வீட்டுத் திரையைக் கடையில் எல்லார் கண்முன்னாலும் தைத்தாள். தைக்கும்போது ஒருமுறை ஆழம் பார்க்க நினைத்துக் கேட்டாள்.

"ஏங்க, அந்த ஆளுக்கு இதெல்லாம் வாங்கிக்க வெட்கமா இருக்காதா?"

ஸ்டோர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு வெட்கம்? அவன் யாருக்காகவோ காவல் நின்னவன். இப்ப அவனுக்காக நாலு பேர் நிக்கறாங்க. இதுல என்ன கேவலம்? வெட்கப்பட்டான்னா வரச்சொல்லு, நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்."

"அப்ப நாம மட்டும்..."

"என் கதை வேற" என்று எழுந்து போய்விட்டார். தையல்காரிக்குத் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே அவர் தலையில் போட்டு முடிச்சுப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

கடைசி ஞாயிற்றுக்கு முந்தின வாரம் பார்லர் அக்கா ஒரு விஷயம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலே மாறிவிட்டது.

"மாடி வீட்டுக் கதவுக்குப் பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க வீட்டுக்காரர் உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள் ஒண்ணு போட்டே ஆகணும்னு ஒரே பிடிவாதம். கடை கடையா ஏறி இறங்கினார். எதுக்கு சார்னு கேட்டேன். 'வண்டிக்குள்ள படுத்த பொம்பளைக்குத் தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டாத்தான்க்கா தூக்கம் வரும். அந்தம்மா கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே தூங்கியிருப்பாங்க'ன்னார்."

வேனில் ஒவ்வொரு ராத்திரியும் தையல்காரியின் கை கதவுக் கைப்பிடியில்தான் இருக்கும். விளக்கை அணைத்து, அவர் குறட்டை கேட்ட பிறகுதான் மெதுவாகப் பிடிப்பாள். அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தாள். அன்று கடைக்குத் திரும்பி, ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள்.

ஞாயிறு நெருங்கியபோது ஸ்டோர் சார் இன்னொன்று செய்தார். பச்சை நிறத் தகர டிரங்குப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. பட்டாளத்தில் கூடவே இருந்தது. எவ்வளவோ சாமான் கைவிட்டுப் போன நாளிலும் அதை மட்டும் விடவில்லை. அதைத் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"அந்த வீட்டுல துணிமணி வெக்க ஒண்ணும் இல்ல. இதைக் குடுத்துடறேன்."

"உங்க பெட்டியாச்சேங்க!"

"நான் குடுத்தா குடுத்ததுதான். திருப்பி வாங்கற பேச்சே கிடையாது."

போகிறவர் திரும்பி, இன்னும் ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும்தான் தையல்காரிக்குப் பகீரென்றது. "ஞாயித்துக்கிழமை நான் வரலேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். அவங்க வாங்கிக்கும்போது நாம நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

போச்சு. எல்லாம் போச்சு. வீட்டைத் தயார் பண்ணியாயிற்று, மச்சினன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், வீட்டுக்காரர் மட்டும் வரமாட்டார்! பார்லர் அக்கா ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டே யோசித்ததில், அந்த வாடிக்கையாளருக்குக் கேட்டதைவிட நிறையவே குட்டையாகிவிட்டது. கடைசியில் லாரிக்காரர்தான் சொன்னார்: "அவர் போட்ட தாழ்ப்பாள் விழலேன்னு சொல்லுங்க. செத்தாலும் வருவார்."

ஞாயிறு காலை அப்படியே ஆயிற்று. லாரிக்காரர் போனில் சொல்லி வாயை மூடுவதற்குள் ஸ்டோர் சார் கருவிப் பெட்டியோடு புறப்பட்டுவிட்டார். மாடிப்படியில் அவர் குரல்தான் முதலில் ஏறி வந்தது. "நான் போட்ட தாழ்ப்பாள் விழாதா? யாராவது முரட்டுத்தனமா இழுத்திருப்பீங்க!"

முன்னறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பார்லர் அக்கா, லாரிக்காரர், பல் டாக்டர், அவர் மனைவி, சோபா கொடுத்தவர்கள், சோபா கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பல் டாக்டர், குடிவரப்போகிற குடும்பத்துக்குப் பரிசாக ஒரு கட்டுப் பல்துலக்கும் பிரஷ் வைத்திருந்தார். நடுவில் பச்சை டிரங்குப் பெட்டிமேல் தையல்காரியும் வாலுவும் உட்கார்ந்திருந்தார்கள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு தையல்காரிக்கு ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

உள்ளே வந்தவர் மனைவியைப் பார்த்ததும் பதறினார். "நீ எங்க இங்க? எழுந்திரு, அவங்க வந்துடுவாங்க. அடுத்தவங்க வீட்டுல சட்டமா உட்கார்ந்திருக்க!"

"வந்தாச்சுப்பா" என்றாள் வாலு.

"யாரு?"

"அவங்க."

ஸ்டோர் சார் திரும்பிப் பார்த்தார். பின்னால் படிக்கட்டு காலியாக இருந்தது. லாரிக்காரர் சிரிப்பை அடக்க முயன்று இருமினார். ஸ்டோர் சார் மெதுவாக அலமாரியைப் பார்த்தார், மனைவியின் கையைப் பார்த்தார். உள்ளறையின் ஆரஞ்சுச் சுவரைப் பார்த்தார், ஆரஞ்சுக்குப் பரிந்து பேசிய மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே வந்தது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் சார்" என்றார் லாரிக்காரர்.

"என்கிட்ட பல் பிடுங்க வந்தவங்களுக்குக்கூடத் தெரியும்" என்றார் பல் டாக்டர் பெருமையாக.

ஸ்டோர் சார் கருவிப் பெட்டியை எடுத்தார். "வாலு, வா. கிளம்பலாம்."

அறையில் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. கோபமும் பயமும் சேர்ந்து வந்ததில் தையல்காரி தானாகவே எழுந்துவிட்டாள்.

"சரிங்க, போகலாம். இந்தப் பெட்டியைத் தூக்கிக்குங்க."

"அது குடுத்தது. குடுத்ததைத் திருப்பி எடுக்கமாட்டேன்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"இந்த வீட்டுல இருக்கப்போற..." அவருக்கு மேலே போகவில்லை.

"அந்த ஆள் வெட்கப்பட்டா நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்னீங்களே. நான் கேக்கட்டுமா?"

"என் கதை..."

"வேற!" என்று அறை முழுக்க ஒரே குரலில் கத்தியது. திருப்பி அனுப்பப்பட்ட சோபாக்காரர்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். ஸ்டோர் சாருக்கே உதடு ஒரு பக்கம் துடித்துவிட்டது. ஆனால் கருவிப் பெட்டி கையிலேயே இருந்தது.

தையல்காரி அவர் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நான் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறது உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "தெரியும். நீ பிடிச்சப்புறம் நானும் தூங்கறதில்ல. சும்மா குறட்டை விடுவேன்."

பிறகு வாசலை நோக்கி நடந்தார். போகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பார்லர் அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டாள். வாசலில் அவர் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். கதவை உள்பக்கமாகச் சாத்தினார். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார். 'டக்' என்று அது கனமாக விழுந்தது.

"நல்லாத்தானே விழுது?" என்றார். "யாரு விழலேன்னு சொன்னது?"

லாரிக்காரர் மேலே மின்விசிறியை ஆராய்ந்தார். அப்புறம் அந்த அறையில் எழுந்த கூச்சலைக் கேட்டுக் கீழே கிளினிக் காவலாளியே ஓடிவந்து கதவைத் தட்டினார். பல் டாக்டர் ஆளுக்கொரு பிரஷ்ஷாக வினியோகித்தார். வாலு சோபாவில் குதித்தாள், லாரிக்காரரையும் கடைசியாக ஒருமுறை உட்காரவைத்து எழுப்பினாள். இந்த அமளியில் தையல்காரி எங்கே என்று யாரும் பார்க்கவில்லை.

அவள் சோபாவின் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். நட்டநடுப் பகலில், அத்தனை பேர் சத்தத்தில், வாயை லேசாகத் திறந்துகொண்டு. இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன.

ஸ்டோர் சார் அதைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார். அறை அடங்கியது. கூட்டம் கால் மாற்றி நின்றது. பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பார்லர் அக்காவுக்கு ஒரு மணப்பெண் அலங்காரம் காத்திருந்தது. லாரிக்காரர் பூனை நடை நடந்து கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஸ்டோர் சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திறக்காதீங்க. சத்தத்துல எழுந்துடுவா."

"அப்ப நாங்க எப்ப சார் போறது?" என்று லாரிக்காரர் கிசுகிசுத்தார்.

"அவ எழுந்தப்புறம்தான்" என்று ஸ்டோர் சாரும் கிசுகிசுத்தார். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். "எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போங்களேன்."